நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று முப்பத்தோரு வருடங்களாக என் மச்சானின் வயிற்றுக்குள் இருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்லப்பட்டபோது நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த முறுக்குதான்.

நான் கால்நடை மருத்துவன். நாமக்கல்லில் அப்படிச் சொன்னால் கோழி டாக்டர் என்று பொருள். பண்ணையில் செத்து விழுந்த கோழியை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று சொல்வதுதான் முப்பத்தைந்து வருட உத்தியோகம். ஒரே நாளில் இருபது கோழி அறுத்திருக்கிறேன். ஈரலைப் பார்த்தே தீவனத்தில் பூஞ்சை இருந்ததா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட கெட்டிக்காரன், கட்டிய மனைவியின் அடிவயிற்றுத் தழும்பைப் பற்றி, "கல்யாணத்துக்கு முன்னால நீர்க்கட்டி எடுத்ததுங்க" என்று அவள் சொன்னதை இருபத்தொன்பது வருடங்கள் நம்பினேன்.

மச்சான் நாச்சிமுத்து, என் மனைவி கோகிலவாணிக்கு ஏழு வயது மூத்த அண்ணன். ஆறு லட்சம் முட்டைக்கோழி வைத்திருப்பவர். முப்பது வயதிலேயே இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர் என்பது ஊருக்கே தெரியும். அதைக் கொடுத்தது பெற்ற தாய் என்பதும் ஊருக்கே தெரியும். அவருடைய முட்டை லாரி ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'தாய் தந்த உயிர்' என்று எழுதியிருக்கும். கேரளா எல்லைவரை எத்தனை பேர் அதைப் படித்து உருகினார்களோ தெரியாது. என் மாமியார் இறந்தபோது ஊர்வலத்தில் முன்னால் போன பிளக்ஸிலும் அதே வாசகம்தான். நானும் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவன்.

தீபாவளி முடிந்த மறுவாரம், காலை பதினோரு மணிக்கு, தட்டு நிறையப் பழம், பூ, முறுக்கு, ஒரு பட்டுச்சேலையோடு மச்சான் தனியாக வந்தார். பெண் கேட்டு வருகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் கேட்பதற்குப் பெண் இல்லை.

"மாப்ள, நீங்க தைமஸ் ஊசி போட்டு எத்தன வருசமாச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க மச்சான்."

"எப்படி இருக்குதுங்க?"

"சளி புடிக்கறதுன்னா என்னன்னே மறந்து போச்சு."

தைமஸ் ஊசி என்பது அப்போதெல்லாம் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டிருந்த ஒன்று. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. குழந்தையாக இருக்கும்போது பெரிதாக இருக்கும். வயதுக்கு வந்த பிறகு சுருங்கத் தொடங்கி, அறுபதில் வெறும் கொழுப்பாகிவிடும். கிழவர்கள் சாதாரணக் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் விழுவது அதனால்தான். அந்தச் சுரப்பி சுரக்கும் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளை, பெப்டைடு என்பார்கள், செயற்கையாகச் செய்து ஆறு மாதம் ஊசியாகப் போட்டால், கொழுப்பாகிப்போன இடத்தில் சுரப்பி மறுபடி முளைக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. கோழிக்குத் தைமஸ் கழுத்தில் இருக்கும். தோலை உரித்தால் இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை கோத்த மாதிரி தெரியும். தண்ணீர் இல்லாமலோ வெயிலிலோ தவித்த கோழிக்கு அது சுருங்கியிருக்கும். பாடுபட்ட உடம்பை அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன்.

வாணி மட்டும் ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை. ஊசிக்கு முன்னால் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று எல்லாம் பார்ப்பார்கள். "எனக்கு ஊசின்னாலே பயமுங்க" என்றாள். ஐம்பதைத் தாண்டியும் ஊசிக்குப் பயப்படுகிறாளே என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள்.

"நீங்க போடலீங்களா மச்சான்? ஊருக்கு முந்தி நீங்கதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குப் போட முடியாதாம் மாப்ள. கோயமுத்தூர்ல டாக்டரம்மா சொன்னாங்க. அது ஒரு பள்ளிக்கொடம் மாதிரியாம்."

அது எனக்குத் தெரியும். ரத்தத்தில் காவல் காக்கும் அணுக்கள் தைமஸுக்குள் போய்த்தான் படிக்கின்றன. பாடம் ஒன்றே ஒன்று: எது நம்முடையது, எது அடுத்தவனுடையது. சொந்த உடம்பையே கடிக்கப் பார்க்கிற மாணவனை அங்கேயே கொன்றுவிடும். நூற்றுக்கு ஐந்து பேர் தேறினால் அதிகம். எங்கள் ஊர் உறைவிடப் பள்ளிகள்கூட அவ்வளவு மோசமில்லை.

"முப்பத்தோரு வருசமா மாத்திரை போட்டு அந்தப் பட்டாளத்தத் தூங்க வெச்சிருக்கேன். அதனாலதான் இந்தக் கிட்னி தப்பிச்சுது. ஆனா போன வருசம் மட்டும் ரெண்டு தடவ நிமோனியா. இன்னொண்ணு வந்தா எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க. ஊசி போட்டாப் புதுப் பட்டாளம் வரும். வந்தா இந்தக் கிட்னியப் பாத்ததும், யாருடா நீன்னு பாயும்."

"ஆமா. பாயத்தான் செய்யும்."

"அதுக்கு ஒரு வழி இருக்குதாம். பள்ளிக்கொடம் தொறக்கற சமயத்துலயே, கிட்னி குடுத்தவங்களோட எலும்பு மஜ்ஜையக் கொஞ்சம் எடுத்து எனக்கு ஏத்தோணும். அந்த அணுவெல்லாம் தைமஸுக்குள்ள போய் உக்காந்துக்குமாம். இதுவும் நம்மாளுதான்னு பட்டாளம் படிச்சுக்குமாம். அப்பறம் மாத்திரையே வேண்டாம், சாகற வரைக்கும்."

"அதுக்கு அத்தை உசுரோட இல்லையே மச்சான்," என்றேன்.

அவர் முறுக்குத் தட்டைப் பார்த்தார். சமையலறை வாசலில் வாணி நின்றிருந்தாள். கையில் காபி டம்ளர். கொண்டுவந்து வைக்கவில்லை.

"அம்மா குடுக்கலீங்க மாப்ள. அம்மாவுக்கு ரத்தம் சேரல. வாணிதான் குடுத்தா."

நான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன். பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மச்சான்தான் பதில் சொன்னார். குரலில் வருத்தம்கூட இல்லை. விதை நெல் முளைக்காததற்குக் காரணம் சொல்கிற மாதிரி சொன்னார். "அப்ப அவளுக்கு இருவத்தி நாலு வயசு மாப்ள. கல்யாணம் ஆகோணுமில்ல. ஒத்தக் கிட்னிப் பொண்ணுன்னா யாரு கட்டுவா? அதான் அம்மா குடுத்ததாச் சொல்லிப்போட்டோம். என்ற தலைமேல கைய வெச்சு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாணி சத்தியம் பண்ணுச்சு. இப்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு. மஜ்ஜை குடுக்கறதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாம்."

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இவர்கள் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. ஒரு சிறுநீரகத்தை ஊர்வலம் விட்டே மறைத்தவர்கள் இவர்கள்தான். எழுந்து அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "யாரு கட்டுவா?" என்று அவர் கேட்டதற்கு எனக்குள் ஒரு பதில் வந்தது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அவளைக் கட்டியிருக்க மாட்டேன். ஜாதகம் சரியில்லை என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைப் பார்க்கப் போயிருப்பேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் போன பிறகு வாணி டம்ளர்களைக் கழுவினாள். ஒரே டம்ளரை மூன்று முறை கழுவினாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"கொழந்த விசயத்துலயும் சொல்லலியே வாணி," என்றேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் அது. ஏழாவது மாதத்தில் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, முகமெல்லாம் வீங்கி, வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே நிறுத்திவிட்டு, "இதுக்கு முன்னால ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?" என்று கேட்டது கதவு வழியாக எனக்கே கேட்டது. "நீர்க்கட்டிங்க" என்று என் மாமியார் சொன்னதும் கேட்டது. வாணியின் சத்தம் வரவில்லை. பெண் குழந்தை, வயிற்றிலேயே இறந்துவிட்டது. இன்னொரு முறை கர்ப்பம் வேண்டாம், தாய் தாங்கமாட்டாள் என்றார்கள். தாழ்வாரத்தில் மச்சான் உட்கார்ந்து அழுதார். எனக்கு இளநீர் வாங்கிக்கொடுத்தார். வயிற்றில் தங்கச்சியின் சிறுநீரகத்தோடு உட்கார்ந்து, தங்கச்சி புருஷனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த மனிதர். என் அம்மா சாகும்வரை வாணியை வாய்க்கு வந்தபடி பேசினாள். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.

"ஒத்தக் கிட்னியோட புள்ள பெத்தா இப்படி ஆகலாம்னு எனக்கு யாருங்க சொன்னா?" என்றாள் வாணி, குழாயைத் திறந்து வைத்தபடியே. "கையெழுத்து வாங்கும்போது, ஒரு கிட்னியோட நூறு வருசம் இருக்கலாம்னுதான் சொன்னாங்க. டாக்டர் ஆபரேஷனப் பத்திக் கேட்டப்ப அம்மா என்ற கையப் புடிச்சு அழுத்துச்சு. சத்தியத்த மீறினா அண்ணனுக்கு ஆகாதுன்னு பயந்துட்டேன். அஞ்சாறு வருசம் கழிச்சு ஒரு புஸ்தகத்துல படிச்சேன். அப்பறம் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"இப்ப என்ன சொல்ற? மறுபடியும் குடுக்கப் போறயா?"

"குடுக்கோணும்."

"எதுக்கு? லாரில உன்ற பேர எழுதப் போறாரா?"

அவள் குழாயை மூடினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்காக இல்லீங்க. நிமோனியா வந்து அவரு போனா அதுவும் கூடப் போயிருமல்லங்க. என்ற உடம்புல இருந்து வெளிய போனதுல அது ஒண்ணுதான் உசுரோட இருக்குது."

நான் கையெழுத்துப் போட்டேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா மச்சானையும் வாணியையும் ஒரு வாரம் சோதித்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லப் பேசுவார், எதையும் மறைக்கமாட்டார். வாணியின் ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார்.

"மஜ்ஜை எடுக்கறதுல பெரிய ஆபத்து இல்லம்மா. ஆனா உங்களுக்கு மீதி இருக்கற கிட்னி முப்பத்தி நாலு சதவீதம்தான் வேலை செய்யுது. ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கு, நீங்க பாக்கவே இல்ல. இது மெதுவா இன்னும் கீழதான் போகும்."

"அப்ப இவளுக்கும் அந்த ஊசியப் போட்டுருங்களேன் டாக்டர்," என்றேன். "உடம்பு தேறட்டும்."

"முடியாது சார். அந்த பெப்டைடு கிட்னி வழியாத்தான் வெளியேறணும். கிட்னி பலவீனமா இருந்தா ரத்தத்துலயே தங்கிடும். அப்பப் பள்ளிக்கூடம் கண்டபடி பாடம் நடத்தும். பட்டாளம் சொந்த உடம்பையே கடிக்க ஆரம்பிச்சுடும். கிட்னி குடுத்தவங்கள்ல பலருக்கு மீதி ஒண்ணு இப்படித் தேஞ்சுதான் இருக்கு, அதனால அவங்களுக்கு நாங்க போடறதே இல்ல. உங்க மச்சானுக்குள்ள இருக்கறது நல்லா வேலை செய்யுது."

அதாவது, கொடுத்தவர்களுக்குக் கிடையாது, வாங்கிக்கொண்டவர்களுக்கு உண்டு. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எங்க ரிஜிஸ்டர்ல கிட்னி குடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பொம்பளைங்க சார். மனைவி, அம்மா, அக்கா, தங்கச்சி. வாங்கினவங்கள்ல முக்கால்வாசி ஆம்பளைங்க. இந்த ஊசி வந்ததுக்கப்பறம் வாங்கினவங்க எல்லாம் மஜ்ஜைக்காக அவங்களையே மறுபடி கூட்டிட்டு வர்றாங்க. குடுத்தவங்க ஒருத்தர்கூட மாட்டேன்னு சொன்னதில்ல," என்றார்.

வாணியின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். பத்து நாள் நிமிர்ந்து நடக்கச் சிரமப்பட்டாள். மச்சானுக்கு ஆறு மாதம் ஊசி, நடுவில் இரண்டு முறை அவளுடைய அணுக்கள். எட்டாவது மாதம் அவருடைய ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து, வாணியின் அணுக்களோடு கலந்து பார்த்தார்கள். சாதாரணமாக அடுத்தவர் அணுவைக் கலந்தால் பட்டாளம் மேலே விழுந்து தின்னும். இதில் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் சபீனாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"இவர் உடம்பைப் பொறுத்தவரைக்கும் இனிமே வாணியம்மா வேற ஆளே இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

மச்சான் மாத்திரைகளை நிறுத்தினார். முப்பத்தோரு வருடங்களாக முகமூடி போட்டுக்கொண்டு ஓரமாக நின்ற மனிதர், பண்ணைத் தூசியில் வெறும் முகத்தோடு நடந்தார். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கிணற்றில் குதித்து நீந்துகிறார் என்று சொன்னார்கள். அறுபத்து மூன்று வயதில் புதிதாக இரண்டு கொட்டகை போட்டார். நூறு வயது வரைக்கும் திட்டம் வைத்திருக்கிறேன் மாப்ள என்றார். பொங்கலுக்கு வாணிக்கு இன்னொரு பட்டுச்சேலை வந்தது. லாரிகளில் தாய்தான் இன்னும் உயிர் தந்துகொண்டிருந்தாள்.

மூன்றே வருடம். வாணியின் சிறுநீரகம் டாக்டர் சொன்னபடியே படிப்படியாக இறங்கி, போன சித்திரையில் நின்றுபோனது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கையில் சிரையும் தமனியும் சேர்த்துத் தைத்த இடம் புடைத்து நிற்கும். அதைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும். அவள் சமையல் செய்துகொண்டே அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். மறைப்பதில்தான் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

ஒருநாள் டாக்டர் சபீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதக் கேக்கலாமான்னு ரொம்ப யோசிச்சேன் சார். வாணியம்மாவுக்கு ஊசி வழி இல்ல. பழைய முறையில வேற யாரோட கிட்னி வெச்சாலும் கடுமையான மாத்திரை வேணும், அவங்க இதயம் அதைத் தாங்குமான்னு சந்தேகம். எந்த மாத்திரையும் இல்லாம அவங்க உடம்பு ஏத்துக்கற கிட்னி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது அவங்களோடதேதான்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"அதத் திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியும். நல்லா வேலை செய்யுது. உங்க மச்சானுக்கும் ஆபத்து இல்ல. அவரோட பள்ளிக்கூடம் இப்பத் தொறந்தே இருக்கு. யாரோட மஜ்ஜையக் காட்டினாலும் படிச்சுக்கும். அவருக்கு வேற கிட்னி கிடைக்கற வரைக்கும் அஞ்சாறு மாசம் டயாலிசிஸ்ல இருக்கணும், அவ்வளவுதான். அவருக்கு எத்தனையோ வழி இருக்கு சார். இவங்களுக்கு இது ஒண்ணுதான் நல்ல வழி."

அன்று மதியமே பண்ணைக்குப் போனேன். வாணியிடம் சொல்லவில்லை. மச்சான் அலுவலக அறையில் முட்டைத் தட்டு அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார். யாரோ பையில் கைவிட வந்த மாதிரி.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கற வழக்கம் நம்ம சனத்துல எங்காவது உண்டுங்களா மாப்ள?"

"அவ கேக்கல. நான்தான் கேக்கறேன். அவ செத்துப்போயிருவா மச்சான்."

"அப்படிச் சொல்லாதீங்க. டயாலிசிஸ் இருக்குது, நானே நல்ல ஆஸ்பத்திரில ஏற்பாடு பண்ணறேன். இது முப்பத்தி நாலு வருசமா என்ற உடம்புல ஓடுது. டாக்டரம்மாவே சொன்னாங்களே, இப்ப இது என்னோடதுன்னு."

"அவங்க அப்படிச் சொல்லல. உங்க உடம்புக்கு வாணி வேற ஆள் இல்லைன்னு சொன்னாங்க."

உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தணிந்த குரலில், எனக்குப் புத்தி சொல்கிறவர் போலச் சொன்னார்: "நானும் பொண்டாட்டி புள்ளக்காரன் மாப்ள. ஆறு மாசம் நான் படுத்தா இந்தப் பண்ணை என்னாகறது? எனக்கும் பொறுப்பு இருக்குதல்லோ. வாணி கட்டிக்குடுத்த பொண்ணு. அவளுக்கு நல்லது கெட்டது பாக்க வேண்டியது உங்க வீடுதானுங்க."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அவருடைய சதை, ரத்தம், நெஞ்செலும்புக்குப் பின்னால் புதிதாக முளைத்த அந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் வாணியைத் தன்னுடையவள் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு எந்த விஞ்ஞானியும் ஊசி கண்டுபிடிக்கப் போவதில்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அவர் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை மரியாதை இல்லாமல் பேசியது அன்றுதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அதே பேச்சாகத் திரிந்தேன். சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அவர் யார் என்று சொன்னேன். லாரியில் இருக்கும் வாசகம் பொய் என்று டீக்கடையில் சொன்னேன். கண்ணாடி முன்னால் முகம் மழிக்கும்போதும் அவரைத் திட்டினேன். வாணி ஒரே ஒரு முறை, "விட்டுருங்க, எனக்கு அதத் திருப்பி வாங்கற எண்ணமே இல்ல" என்றாள். நான் விடவில்லை. நியாயம் முழுவதும் என் பக்கம் இருந்தது; அப்படி இருப்பது ஒரு சுகம், அதை இப்போது சொல்லலாம்.

போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் டாக்டர் சபீனா எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். வாணி சக்கர நாற்காலியில் இருந்தாள். வாய் உலர்ந்திருந்தது.

"மச்சான் விஷயம் முடிஞ்சுபோச்சுன்னு தெரியும் சார். அதையே பேசிட்டிருந்தா நாள்தான் போகும். இவங்க இதயத்த மறுபடி பாத்தோம். நான் பயந்த அளவுக்கு இல்ல. கொஞ்சம் ஆபத்து இருந்தாலும் பழைய முறையிலேயே ஒரு கிட்னி வெச்சுப் பாக்கலாம். பட்டியல்ல காத்திருந்தா நாலு வருஷம், அவ்வளவு நாள் இவங்ககிட்ட இல்ல." கோப்பைப் புரட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, பேனாவைத் திறந்துகொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"சார், உங்க ரத்த வகை என்ன?"

"ஓ பாசிட்டிவ்," என்றேன். ரேஷன் கார்டு எண் சொல்கிற மாதிரி வாயில் வந்துவிட்டது.

"ஓன்னா யாருக்கும் குடுக்கலாம்," என்று டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அது எனக்குத் தோன்றியது. எனக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. மூன்று மாதம் ஊர் முழுக்கச் சுற்றி, ஒரு மனிதன் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க மறுத்தான் என்று வசைபாடியவனுக்கு, அந்த நிமிடம் வரைக்கும் இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை. யாரும் நம்பமாட்டார்கள். நான் தவிர்க்கவில்லை, ஒளிக்கவில்லை, தோன்றவே இல்லை. கொடுப்பவர்கள் வேறு யாரோ என்று என் உடம்பு எங்கோ படித்துத் தேறியிருந்தது. தோன்றியதும் பயம் வந்தது. கத்தி, தையல், எனக்கும் அறுபத்து நாலு, ஊசி போட்டுத் தேறிய நல்ல உடம்பு. வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

வாணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விநாடி இருக்கும். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குச் சக்கரைங்க டாக்டர். பத்து வருசமா இருக்குது."

"அப்படியா? அப்ப முடியாதும்மா," என்று டாக்டர் கோப்பில் ஏதோ எழுதினார். "வேற சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு யோசிச்சுப் பாருங்க."

எனக்குச் சர்க்கரை கிடையாது. ஒரு மாத்திரை கிடையாது. அதை டாக்டரிடம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை இருந்தது, மருந்துச் சீட்டைக் கொடுக்கும்வரை இருந்தது, நான் எழுந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கதவு வரை போகும்வரை இருந்தது. நான் சொல்லவில்லை.

கீழே கேன்டீன் பக்கம் வந்ததும் வாணி, "ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமுங்களா?" என்றாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு உண்டு. அரை டம்ளர் போதும் என்றாள். மேசைக்கு வந்த பையனிடம் அவளே சொன்னாள்.

"தம்பி, ரெண்டு டீ. அவருக்குச் சக்கரை வேண்டாம்."

டீ வந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கடைசிவரை குடித்தேன்.